கோடையில் எந்த நாவலை எடுப்பது? ஒரு நாவலாசிரியரின் தேர்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் வாசகர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இது தரவரிசைப் பட்டியல் அல்ல. நாவல் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் கோடையில் திரும்பத் திரும்ப எடுக்கும் புத்தகங்கள் இவை. நான் உயிராக மதிக்கும் பல நாவல்கள் இதில் இடம்பெறவில்லை. அவற்றுக்கு உரிய பருவம் வேறு.

கோடைக்கென்று தனியாக நாவல்கள் இருக்கின்றனவா?

நாவல்கள் இல்லை. பொழுது இருக்கிறது. பகல் நீள்கிறது, கல்விக்கூடங்கள் மூடுகின்றன, நடுப்பகலில் வெளியே தலைகாட்ட முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியிருக்கிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் நாம் துண்டு துண்டாகத்தான் வாசிக்கிறோம். பயணத்தில் பத்துப் பக்கம், தூங்கப் போகும் முன் ஐந்து பக்கம். இடையில் கதைமாந்தர்களின் பெயர்கள்கூட மறந்துபோகின்றன.

'கோடைக்கு லேசாக ஏதாவது சொல்லுங்கள்' என்று கேட்பவர்களுடன் எனக்கு உள்ள கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. லேசான புத்தகத்தைத் துண்டு நேரத்திலேயே வாசித்துவிடலாம். இரண்டு, மூன்று மணி நேரம் இடைவிடாமல் உட்காரச் சொல்லும் நாவலுக்கு அந்த நேரம் வேறு எப்போது கிடைக்கப்போகிறது? அதனால் கோடையில் நான் தேடுவது கனமான புத்தகங்களையும் அல்ல, லேசான புத்தகங்களையும் அல்ல. தொடர்ச்சியாக வாசித்தால் மட்டுமே முழுமையாகத் திறக்கும் புத்தகங்களைத் தேடுகிறேன். கீழே வரும் தேர்வுகள் எல்லாம் இந்த ஒரே அளவுகோலில் வந்தவை.

ஒரே ஒரு நாவலுக்குத்தான் நேரம் இருக்கிறது. எதை வாசிப்பது?

பூமணியின் 'வெக்கை'. 1982இல் வெளிவந்தது. காலையில் எடுத்தால் இரவுக்குள் முடித்துவிடலாம்.

பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டுகிறான். கையை மட்டும் துண்டித்துவிட வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். ஆள் செத்துவிடுகிறான். நாவல் அந்தப் புள்ளியில் தொடங்குகிறது. வழக்கமான எழுத்தாளர் ஒருவர் இந்தக் கொலையை முந்நூறாம் பக்கத்தில் வைத்திருப்பார். அதை நோக்கிப் பக்கம் பக்கமாகப் பதற்றத்தை ஏற்றியிருப்பார். பூமணி முதல் சில பக்கங்களிலேயே அதை முடித்துவிடுகிறார். அதன்பின் அப்பனும் மகனும் ஊரைவிட்டு ஓடி, காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் மீதிக் கதை.

அந்த நாட்களில் என்ன நடக்கிறது? தண்ணீர் இருக்கும் இடம் தேடுகிறார்கள். கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நிழலில் படுக்கிறார்கள். பேசிக்கொள்கிறார்கள். மகன் செய்த காரியத்தைப் பற்றி அப்பன் நீதி சொல்வதில்லை. எங்கே படுத்தால் கண்ணில் படாமல் இருக்கலாம், எந்தத் தடத்தில் நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறார். தன் வாழ்க்கையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். அந்தப் பேச்சிலிருந்துதான் நிலம், சாதி, பழைய பகை எல்லாம் நமக்குத் தெரியவருகின்றன. ஆசிரியர் குறுக்கே வந்து ஒரு விளக்கம்கூடக் கொடுப்பதில்லை. நாவல் எழுதப் பழகும் இளைஞர்களிடம் நான் தவறாமல் கொடுக்கும் புத்தகம் இதுதான். உரையாடலை வைத்தே ஒரு நிலத்தையும் ஒரு வரலாற்றையும் எழுப்பிக்காட்ட முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தமிழ் நாவலை நான் வாசித்ததில்லை.

துண்டு துண்டாக வாசித்தால் இது சாதாரணத் தப்பியோட்டக் கதையாகத் தோன்றக்கூடும். ஒரே அமர்வில் வாசித்தால் அந்தக் களைப்பும் தாகமும் நம் உடம்பில் ஏறும். 2019இல் வந்த 'அசுரன்' திரைப்படம் இந்த நாவலைத் தழுவியது. படம் பார்த்தவர்களும் தயங்காமல் வாசிக்கலாம். படத்தின் வேகம் வேறு, நாவலின் நிதானம் வேறு.

வெயில் கொளுத்தும்போது வெயிலைப் பற்றியே வாசிக்க வேண்டுமா?

வாசித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். வெப்பத்தைப் பின்னணியாக மட்டும் வைக்காமல், கதையை நகர்த்தும் சக்தியாகவே பயன்படுத்திய நாவல்கள் உண்டு. அவற்றை மழைக்காலத்தில் வாசிப்பதற்கும் கோடையில் வாசிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலில் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்'. 1942இல் பிரெஞ்சில் வந்தது, வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தாயின் சவ அடக்கத்தன்றே வெயில் கதைநாயகன் மெர்சோவைத் தாக்கத் தொடங்குகிறது. பின்னர் அந்தக் கடற்கரைக் காட்சி. எதிரே இருப்பவனின் கத்தியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் குத்துகிறது, நெற்றியில் திரண்ட வியர்வை ஒரேயடியாக இமைகளில் வழிந்து பார்வையை மறைக்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது. முதலில் ஒரு குண்டு. சற்று இடைவெளி. பிறகு நான்கு. நீதிமன்றத்தில் காரணம் கேட்கும்போது, வெயில்தான் காரணம் என்று சொல்கிறான். அங்கிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கோடையின் நடுப்பகலில் வாசிக்கும் வாசகருக்கு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியாது. வாசகரைக் குற்றவாளியின் உடம்புக்குள் உட்காரவைக்கும் அந்த வித்தையைக் காம்யு வெயிலைக் கொண்டுதான் செய்கிறார்.

அடுத்தது தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்'. ரஷ்ய நாவல் என்றாலே பனி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதன் முதல் வரியிலேயே திடுக்கிடுவார்கள். ஜூலை மாதத் தொடக்கத்தில், கடுமையான வெப்பம் நிறைந்த ஒரு மாலையில் ரஸ்கோல்நிகாவ் தன் பொந்து போன்ற அறையிலிருந்து இறங்கி வருகிறான். தெருவில் புழுக்கம், சுண்ணாம்பு, புழுதி, சாராயக் கடைகளிலிருந்து வரும் நாற்றம். 1866இல் வெளியான இந்த நாவலை முழுக்க முழுக்கச் சிந்தனை நாவல் என்று மட்டும் பேசிவிடுகிறார்கள். எனக்கு அது காற்று புகாத அறையின் நாவல். எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கம் அந்த மூச்சுமுட்டலைத் தக்கவைத்திருக்கிறது.

தமிழில் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையின் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், சினிமாவில் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஜமுனா, அவள் தங்கை சாயா, அண்டை வீட்டு டீச்சரம்மா. குடங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறார்கள். தோண்டிப் போட்ட தெருவில் தடுக்கி விழுகிறார்கள். குழாயில் சாக்கடை கலந்து வருகிறது. உயிரையே விட்டுவிடத் துணிந்த ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லும் பக்கங்களை நான் எத்தனை முறை வாசித்தாலும் அடுத்த பக்கத்துக்கு உடனே போக முடிந்ததில்லை. அந்த அம்மாள் ஆறுதல் சொல்வதில்லை. தான் அன்றாடம் பட்டுக்கொண்டிருப்பதைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறாள். சின்ன நாவல். ஆனால் அவசரப்படுத்தக் கூடாது.

இல்லை, எனக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டும் என்றால்?

சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா'. இதுவும் கோடையில் நடக்கும் கதைதான், ஆனால் வாசிப்பவருக்குக் காற்று வீசும். போர்க்காலம். ஆண்கள் எல்லாம் போர்முனையில் இருக்க, பெண்களும் சிறுவர்களும் வண்டிகளில் தானியம் ஏற்றிப் புல்வெளிகளைக் கடந்து ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஜமீலாவும் அவள் கணவனின் தம்பியும் விளையாட்டாக, காலில் காயம்பட்ட தானியார் என்பவனின் வண்டியில் ஒரு பெரிய மூட்டையை ஏற்றிவிடுகிறார்கள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் அதை முதுகில் சுமந்துகொண்டு, நொண்டியபடி, சாய்வுப் பலகையில் ஏறுகிறான். கீழே நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். மூட்டையைப் போட்டுவிடு என்று கத்துகிறார்கள். அவன் போடுவதில்லை. காதல் தொடங்குவதை இவ்வளவு உடல்பூர்வமாக, காதல் என்ற சொல்லே இல்லாமல் எழுதிய இன்னொரு காட்சி எனக்கு நினைவில் இல்லை. பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் இதை உலகின் மிக அழகான காதல் கதை என்றார். நான் அதை மறுத்துப் பேச மாட்டேன்.

கூடவே தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்', ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில். 1848இல் எழுதப்பட்ட குறுநாவல். கோடைக்காக ஊரே கிராமத்து இல்லங்களுக்குப் போய்விட, காலியான நகரத்தில் தனியாக அலையும் ஒருவன், நாஸ்தென்கா என்ற பெண்ணைச் சந்திக்கிறான். நான்கு இரவுகள், ஒரு காலை. இதை இரவில்தான் வாசிக்க வேண்டும்.

பெரிய நாவலுக்குள் இறங்க ஆசை. ஆனால் பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் பக்க எண்ணிக்கை அல்ல, தொடங்கும் விதம். பெரிய நாவலை முதல் நாள் பத்துப் பக்கம் வாசித்து மூடிவைத்தால் அது அநேகமாக அப்படியே மூடிக்கிடக்கும். முதல் நாள் வாசிப்பு நீளமாக இருக்க வேண்டும். பாதி நாளையாவது அதற்குக் கொடுங்கள். பெயர்கள் குழம்பினால் குழம்பட்டும்; ஆசிரியர் யாரைத் திரும்ப அழைத்துவருகிறாரோ அவர் தானாகவே மனத்தில் தங்கிவிடுவார். வம்சாவளி வரைபடம் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். அது தேர்வுக்குத் தயாராகிறவர்களின் வழி.

முதல் பெரிய நாவலாக நான் சொல்வது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் வாழும் பாண்டியன் என்ற தமிழ் இளைஞனின் கதை. மெடான், பினாங்கு, ஜப்பானியப் படை, இந்திய தேசிய ராணுவம் என்று வரலாறு பெரிய அளவில் புரண்டுகொண்டிருக்க, நடுநடுவே ஊர்த் தெருக்களின் நினைவு வந்து கதையை நிறுத்திவைக்கிறது. சிங்காரம் இளமையில் பிழைப்புக்காக அந்தப் பகுதிக்குப் போய் வாழ்ந்தவர். திரும்பி வந்து மதுரையில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்தார். எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. இதில் நண்பர்கள் கூடிக் குடித்துக்கொண்டே தமிழ் இலக்கியத்தையும் தமிழர் பெருமையையும் பிரித்து மேயும் பகுதிகள் வருகின்றன. அவற்றை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. பல குரல்கள் ஒரே நேரத்தில் பேசும் அந்த நடை, காதில் ஒலிக்கத் தொடங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒலித்துவிட்டால் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது.

இரண்டாவது, அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்ட பறவையைத் தேடி'. வங்க மூலம், தமிழில் சு. கிருஷ்ணமூர்த்தி. பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கம். ஆறும் சணல் வயலும் தர்பூசணிக் கொடிகளும் நிறைந்த நிலம். காதலை இழந்து சித்தம் கலங்கிய மணீந்திரநாத், எதைக் கேட்டாலும் 'கேத்சோரத்சாலா' என்ற ஒற்றைச் சொல்லையே சொல்கிறார். அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. ஆனால் நாவல் போகப் போக, கோபம், பாசம், ஏக்கம் என்று எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லிலிருந்து நாம் பிரித்தறியத் தொடங்கிவிடுகிறோம். இது எப்படி நடந்தது என்று எழுத்தாளர்கள் உட்கார்ந்து ஆராய வேண்டும். தொடர்ச்சியாக வாசிக்காதவருக்கு இந்த அனுபவம் கிடைக்கவே கிடைக்காது.

'பொன்னியின் செல்வன்' கோடைக்கு ஏற்றதா?

மிகவும் ஏற்றது, ஒரு நிபந்தனையுடன். கல்கி இதை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதினார். ஒரு வாரம் காத்திருக்கும் வாசகருக்காகக் கட்டப்பட்ட கதை அது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு கொக்கி இருப்பதும், முன்கதையை அவ்வப்போது நினைவூட்டுவதும் அதனால்தான். ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் விழுங்கினால் இந்த உத்திகள் சலிப்பைத் தரலாம். ஒரு பாகம் முடிந்ததும் சில நாட்கள் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் வேறு ஒரு சிறிய புத்தகத்தை வாசியுங்கள். திரும்பி வரும்போது வந்தியத்தேவன் இன்னும் உற்சாகமாகக் குதிரையேறுவான்.

எனக்குக் கோடை விடுமுறையே கிடையாது. வேலை, வீடு, பிள்ளைகள். நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மற்றவர்களின் விடுமுறை என்றால் அவர்களுக்குக் கூடுதல் வேலை. ஆகவே இதற்கான பதிலை நான் மிகுந்த கவனத்துடன்தான் சொல்கிறேன்: ஒரு மணி நேரம் முழுதாகக் கிடைத்தால் போதும், அதைச் சிறுகதைக்குக் கொடுங்கள். நாவலைத் துண்டாக்குவதைவிட, முழுதாக முடியும் ஒன்றை வாசிப்பது மேல்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை எடுங்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளிடம் உயிரை வைத்திருக்கும் ஒருவர் இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்குக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதன் கடைசிப் பத்தியை நான் இங்கே சொல்ல மாட்டேன். அடுத்து புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. நோயாளி மனைவியும் அவளைப் பார்த்துக்கொள்ளும் கணவனும் மட்டுமே உள்ள கதை. தாம்பத்தியத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் இதற்கு நான் தரும் இடம் மிக உயர்ந்தது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' மூன்றாவது. இதைச் சமையலறை வேலைகளுக்கு நடுவே வாசிக்க நேர்ந்தால் இன்னும் கூர்மையாகத் தைக்கும்.

நாவல்தான் வேண்டும் என்றால் ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே'. கந்தன் என்பவனின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். வாசிக்கவும் ஒரு நாள் போதும்.

ராஜம் கிருஷ்ணனை எல்லாரிடமும் வலியுறுத்துகிறீர்களே, ஏன்?

அவரை வாசிக்க வேண்டிய அளவுக்கு நாம் வாசிக்கவில்லை என்பதால். கதை எழுதுவதற்கு முன் அந்த மக்கள் வாழும் இடத்துக்கே போய், அவர்களோடு பழகி, வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியவர் அவர். நீலகிரி மலை மக்கள், மீனவர்கள், தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகள் என்று அவர் தொட்ட வாழ்க்கைகளை எண்ணிப் பாருங்கள்.

கோடைக்கு 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. நமக்கெல்லாம் வெயில் ஒரு தொல்லை. உப்பளத்தில் வேலை செய்பவருக்கு வெயில்தான் கூலி. மழை வந்தால் பாத்தியில் உப்பு விளையாது, அடுப்பு எரியாது. ஆனால் அதே வெயிலும் உப்பு நீரும் காலைப் புண்ணாக்குகின்றன, கண்ணைக் கெடுக்கின்றன. இந்த முரணை ராஜம் கிருஷ்ணன் வாதமாகச் சொல்லவில்லை. பொன்னாச்சி என்ற பெண் அளத்துக்கு வேலைக்குப் போவதைக் காட்டுகிறார். வெறுங்காலில் பாத்திக்குள் இறங்குவதையும், கூலி தருபவன் அவளைப் பார்க்கும் பார்வையையும் காட்டுகிறார். நடை சில இடங்களில் நேரடியாக, செய்திக் கட்டுரையை ஒட்டி நிற்கும். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ் நாவலில் உழைப்பு இவ்வளவு விவரமாகப் பதிவான இடங்கள் மிகக் குறைவு.

பாடப்புத்தகத்தைத் தவிர எதையும் தொடாத பதின்வயதுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1947, 48இல் செகந்தராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்ற கல்லூரி மாணவன். அவனுக்குக் கிரிக்கெட் ஆட வேண்டும், சைக்கிளில் சுற்ற வேண்டும். நாடு விடுதலை பெறுகிறது. நிஜாமின் ஹைதராபாத் எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை. நிஜாமை ஆதரிக்கும் ரஜாக்கர் படையினர் தெருவில் அணிவகுக்கிறார்கள். தன் வயதையொத்த ஒருவன், பெரியவர்கள் உண்டாக்கிய குழப்பத்தின் நடுவே நிற்பதைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். முடிவு கடுமையானது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பிறகு அதைப் பற்றி அவர்களோடு பேசலாம்.

ஒன்று மட்டும் வேண்டுகிறேன். எத்தனை பக்கம் முடித்தாய் என்று கேட்காதீர்கள்.

சிறு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்ட?

'குட்டி இளவரசன்'. பிரெஞ்சு எழுத்தாளர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி எழுதியது. இருபத்தேழு சிறிய அத்தியாயங்கள். இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குள் முடியும். நரியும் இளவரசனும் பேசும் அத்தியாயத்தை மறுபடி வாசிக்கச் சொல்வார்கள், தயாராக இருங்கள்.

சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யிலிருந்து துர்காவும் அப்புவும் வரும் பகுதிகள். கோடைப் புயல் அடிக்கும்போது இருவரும் மாந்தோப்புக்கு ஓடி உதிர்ந்த மாங்காய்களைப் பொறுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

துப்பறியும் கதைகள், திகில் கதைகள் எல்லாம் உங்கள் கணக்கில் வராதா?

வரும். நல்ல துப்பறியும் கதை வாசகரின் கவனத்தை மதிக்கிறது. சின்னத் தடயத்தையும் அவர் கவனிப்பார் என்று நம்புகிறது. எனக்குப் பிடித்த வகை அது. நான் பட்டியல் தராததற்குக் காரணம், அவை தாமாகவே உங்களிடம் வந்து சேர்ந்துவிடும் என்பதுதான். யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் எடுப்போம் என்ற நிலையில் இருக்கும் நாவல்களுக்கே என் சிபாரிசு தேவை.

பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தலாமா?

தாராளமாக. ஆனால் கால்வாசியாவது வாசித்துவிட்டு நிறுத்துங்கள். முதல் அத்தியாயம் எழுதும்போது நாவலாசிரியர்கள் பெரும்பாலும் இறுக்கமாக இருப்பார்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். கதை தன் இயல்பான நடைக்கு வர இரண்டு, மூன்று அத்தியாயங்கள் ஆகும்.

மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதா என்று வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

உரையாடல் வரும் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டு வாசியுங்கள். வர்ணனையில் மொழிபெயர்ப்பாளர் சமாளித்துவிடலாம். இரண்டு பேர் சண்டை போடும் இடத்தில் முடியாது. கோபத்தில் இருப்பவன் நீண்ட, கூட்டு வாக்கியங்களில் பேசினால் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். மூலமொழியிலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் பாருங்கள். நேரடியாக வந்தவற்றுக்கு முதலிடம் கொடுக்கலாம். ஆனாலும் அது முடிந்த முடிவு அல்ல. தமிழ் வாக்கியம் உயிரோடு இருக்கிறதா என்பதே கடைசிச் சோதனை. அட்டையில் மொழிபெயர்ப்பாளரின் பெயரையே போடாத புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

ஏற்கெனவே வாசித்ததை மறுபடி வாசிக்கக் கோடையைச் செலவழிக்கலாமா?

கட்டாயம் ஒரு புத்தகத்தையாவது. என் தேர்வு தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. 1966இல் வந்த நாவல். வேத பாடசாலையில் பதினாறு ஆண்டுகள் படித்துவிட்டு வீடு திரும்பும் அப்பு, தன் தாய் அலங்காரத்தின் வாழ்க்கையில் மறைந்திருக்கும் உண்மையை அறிகிறான். இளவயதில் வாசிப்பவர்கள் அப்புவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அம்மாவைப் பார்ப்பார்கள். அதிர்ச்சிதான் மேலோங்கும். சில ஆண்டுகள் கழித்து வாசித்தால் தண்டபாணி கண்ணில் படுவார். எல்லாம் தெரிந்தும் வீட்டுக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவர். அவர் இருக்கும் பக்கங்கள் முன்பும் அங்கேதான் இருந்தன. நாம்தான் கடந்து போயிருந்தோம். ஜானகிராமன் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை, யாருக்காகவும் வாதாடுவதும் இல்லை. ஒரு நாவலாசிரியரிடம் நான் மிகவும் பொறாமைப்படும் குணம் இது.

ஒலிநூல், மின்னூல் எல்லாம் வாசிப்பில் சேருமா?

சேரும். பேச்சுமொழியில் நடக்கும் கதைகளுக்கு ஒலிநூல் உண்மையாகவே உதவுகிறது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' காதால் கேட்பதற்கென்றே எழுதப்பட்ட நாவல் என்பது என் எண்ணம். ஒரு மூதாட்டி தன் மக்கள் வந்த வழியைச் சொல்ல, சுற்றியிருப்பவர்கள் கேட்கிறார்கள். அச்சில் வட்டாரச் சொல்லில் தடுமாறுபவர்கள் நல்ல குரலில் கேட்டால் தடையில்லாமல் போய்விடுவார்கள். கைப்பேசியில் வாசிக்கிறீர்கள் என்றால் அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள்.

நாவல் எழுதிக்கொண்டிருக்கும்போது பிறருடைய நாவலை வாசித்தால் அவர்கள் நடை ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டிக்கொள்ளும். அதனால் பாதகம் இல்லை. எழுதும் நாட்களில் நான் சொந்த நாவலின் உலகத்திலிருந்து தொலைவில் இருக்கும் புத்தகங்களை எடுக்கிறேன். கிராமத்தை எழுதினால் நகரத்து நாவல், முதல் நபரில் எழுதினால் படர்க்கையில் சொல்லும் நாவல். சிக்கல் வந்து எழுத்து நின்றுபோகும் நேரத்தில், அதே சிக்கலை இன்னொருவர் எப்படித் தீர்த்தார் என்று தேடிப் போவதும் உண்டு. 'வெக்கை'யை நான் முதலில் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தது அப்படித்தான். இரண்டு பேர் மட்டுமே இருக்கும் காட்சிகளை அலுக்காமல் நீட்டுவது எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இந்தக் கோடைக்கு நீங்கள் எடுத்து வைத்திருப்பவை என்ன?

இரண்டு. ஒன்று சா. கந்தசாமியின் 'சாயாவனம்', மறுவாசிப்புக்கு. சர்க்கரை ஆலை கட்டுவதற்காக ஒரு வனத்தை வெட்டியும் எரித்தும் அழிக்கும் சிதம்பரத்தின் கதை, 1960களிலேயே எழுதப்பட்டது. அந்த நெருப்புப் பகுதியை எழுதும்போது கந்தசாமி உணர்ச்சி காட்டாமல் எப்படி நிற்கிறார் என்பதை வாக்கியம் வாக்கியமாகப் பார்க்க விரும்புகிறேன். மற்றொன்று எஸ். ராமகிருஷ்ணனின் 'நெடுங்குருதி'. வேம்பலை என்ற கிராமத்தின் கதையை அவர் கோடை, காற்று, மழை, பனி என்று பருவங்களாகப் பிரித்திருக்கிறார். கோடைப் பகுதியை இப்போது வாசித்துவிட்டு, மற்றவற்றை அந்தந்தப் பருவம் வரும்போது வாசித்தால் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. தொடர்ந்து வாசிக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு இது எதிரானதுதான். ஆனால் பருவங்களைக் கொண்டே கட்டப்பட்ட நாவலுக்கு இந்த விதிவிலக்கு தகும். உங்களில் யாராவது இதே முறையில் வாசிக்கத் தொடங்கினால் மழைக்காலப் பகுதிக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.